ஒப்புதல் பெற்ற மேல்காற்று

காற்று எல்லோருக்கும் பொது. அது எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்கிற விவரம் மட்டும் அரசாங்கத்துக்குச் சொந்தம். இந்த நுணுக்கம் தெரியாமல்தான், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு மேற்கே சாமுவேல் நகரில் குடியிருக்கும் கிறிஸ்டினா, தன் அக்காவின் துணிக்கொடிக்காக ஓர் இணையப் பக்கம் எழுதினாள்.

அக்கா மெர்சி ஒரு தனியார் மருத்துவமனை டாக்டர்கள், நர்ஸ்களுடைய வெள்ளைக் கோட்டுகளைத் துவைத்துக் கொடுப்பவள். வீட்டில் இரண்டு வாஷிங் மெஷின், மொட்டை மாடியில் ஆறு கொடி. காலையில் மேற்கிலிருந்து மேல்காற்று அடித்துக்கொண்டிருக்கும்வரை தொல்லையில்லை. பேட்டையிலுள்ள கம்பி ஆலையின் புகை கடலைப் பார்த்துப் போய்விடும். அப்புறம் கடல்காற்று திரும்பும். திரும்பினால் புகை நேராக சாமுவேல் நகருக்குத்தான். ஈரக் கோட்டின் மேல் கடுகு தாளித்தது போல் கரும்புள்ளி விழும். அது திரும்பும் நேரம் ஒரு நாள் பதினொன்று, ஒரு நாள் இரண்டு, சில நாள் திரும்பவே திரும்பாது. மாடிக்கும் மெஷினுக்குமாக ஏறி இறங்கியே மெர்சியின் முழங்கால் தேய்ந்தது.

கிறிஸ்டினா எம்.சி.ஏ. படித்துவிட்டு தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் லாரி எடைமேடைக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவள். பேட்டை அலுவலக மாடியில் ஒரு காற்றுத் திசைகாட்டி இருக்கிறது. கால் மணிக்கு ஒரு தடவை அது காட்டும் திசை, ஒரு வெறும் எண்ணாக அரசு இணையதளத்தில் ஏறும். அதை யாராவது படிப்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கிறிஸ்டினா படித்தாள். அந்த எண்ணை எடுத்து, ஆலைப் புகைபோக்கி எங்கே, சாமுவேல் நகரின் பதினொரு தெருக்கள் எங்கே என்று கணக்குப் போட்டு, "புகை நாலாவது தெருவுக்கு வருது, துணியை எடுங்க" என்று போனில் சொல்லும் ஒரு பக்கம் செய்தாள்.

மெர்சியின் கோட்டுகள் வெள்ளையாகவே போய்ச் சேர்ந்தன. ஒரு மாதத்தில் பதினொரு தெருவும் அதைப் பார்க்க ஆரம்பித்தது. அங்கன்வாடி டீச்சர் செண்பகம் அதைப் பார்த்துத்தான் பிள்ளைகளை வெளியே விட்டாள், உள்ளே கூப்பிட்டாள். மூச்சிரைப்புள்ள குழந்தை இருக்கும் வீடுகளில் அதைப் பார்த்து ஜன்னலைச் சாத்தினார்கள்.

நாற்பத்திரண்டாம் நாள் ஓர் அறிவிப்பு வந்தது. "அரசுக்குச் சொந்தமான காற்றுத் திசையினை, உரிய முன் அனுமதியின்றி, உலர்த்தும் நோக்கத்திற்காகப் பயன்படுத்தியமை குறித்து" விளக்கம் கேட்டிருந்தார்கள். விளக்கம் போய்ச் சேருமுன்பே எண் வருவதை நிறுத்தினார்கள். பக்கம் வெறுமையாக நின்றது. அன்றைக்கு மதியம் பதினெட்டுக் கோட்டுகளில் புள்ளி விழுந்தது.

அனுமதி தரும் இடம் திருவள்ளூரில், மாவட்ட மென்பொருள் ஏற்புப் பிரிவு. கும்மிடிப்பூண்டிக்காரர்கள் ரயிலில் தங்கள் மாவட்டத் தலைநகருக்குப் போக, முதலில் பக்கத்து மாவட்டமான சென்னைக்குப் போய், வேறு வண்டி மாறி, திரும்பி வர வேண்டும். கிறிஸ்டினா அப்படியே போனாள்.

பிரிவின் கண்காணிப்பாளர் ஆதிநாராயணன். விண்ணப்பத்தை வாங்கிக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "இச்செயலி எல்லா உலாவிகளிலும் ஓடும்" என்ற வரியில் அவர் விரல் நின்றது.

"உலாவின்னு போட்டிருக்கியேம்மா."

"பிரவுசர் சார். அரசாங்கத்துல சொல்ற தமிழ்ப் பேருதான்."

"பேரு எனக்குத் தெரியும். உலாவின்னா உலாவும். அதுல எப்படி ஓட முடியும்?"

"கம்ப்யூட்டர்ல ரன் ஆகறதை ஓடும்னுதான் சார் சொல்லுவோம்."

"உலாவற இடத்துல ஓடினா யார் மேலயாவது மோதும்." அவர் 'ஓடும்' என்பதை அடித்து 'உலாவும்' என்று திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, அவளையும் போடச் சொன்னார். "தொழில்நுட்பம் சரியா இருக்கான்னு கன்சல்டன்ட் பார்ப்பார். உள்ள போ."

கன்சல்டன்ட் விமல், ஒப்பந்தத்தில் வந்தவர். அவர் உட்காருவதற்காக, தெர்மாகோல் உருண்டை நிரப்பிய மூட்டை நாற்காலி ஒன்று வாங்கியிருந்தார்கள். அதன் வயிற்றில் வெள்ளைப் பெயின்டில் 'நாற்காலி - 14' என்று இருப்புப் பதிவேட்டு எண் எழுதியிருந்தது. விமல் அதற்குள் அமிழ்ந்தபடி லேப்டாப்பைப் பார்த்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா இது பழைய முறை. இதைச் செய், அப்புறம் அதைச் செய்னு வரிக்கு வரி கட்டளை போடுது. உலகம் இப்ப ஃபங்ஷனல், அதாவது சார்பு நிரலாக்கத்துக்குப் போயிடுச்சு."

"இது வேலை செய்யுது சார். நாற்பது நாளு செஞ்சுது."

"வேலை செய்யறது வேற. தூய்மையா இருக்கணும்."

விமல் அதற்கு முந்திய மாதம் பெங்களூரில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்திருந்தார். வந்ததும் ஒரு சுற்றறிக்கை வெளியானது: "இனி இப்பிரிவால் ஏற்கப்படும் மென்பொருள் யாவும் சார்பு நிரலாக்க முறையில், தூய்மை, மாறாமை, பக்க விளைவின்மை ஆகிய பண்புகளுடன் அமைந்திருத்தல் வேண்டும்."

"நீங்க அதுல ஏதாவது எழுதியிருக்கீங்களா சார்? பார்த்துக் கத்துக்குவேன்."

"நான் கொள்கை அளவுல இருக்கேன்," என்றார் விமல்.

கிறிஸ்டினா வீட்டுக்கு வந்து புது மொழியைப் படிக்க ஆரம்பித்தாள். எடைமேடையில் ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் படித்தாள். மெர்சிக்கு இது பிடிபடவில்லை.

"இன்னாடி இது? நல்லா ஓடிக்கினு இருந்ததை எதுக்கு மாத்தற?"

"இதுல எழுதினாத்தான் ஒத்துக்குவாங்களாம்க்கா. இதுல ஒரு பேருக்கு ஒரு தபா ஒரு மதிப்பு குடுத்தா அப்புறம் மாத்த முடியாது. உள்ள ஒரே சங்கதி போனா, வெளிய எப்பவும் ஒரே பதில்தான் வரும்."

"காத்து மாறுமேடி."

"மாறின காத்தைப் புதுசா உள்ள குடுக்கணும்."

"அதுக்கு முன்னாடி இன்னா பண்ணிக்கினு இருந்த?"

கிறிஸ்டினா அடுத்த பாடத்தைத் திறந்தாள். இரண்டு மாதம் போனபின் அவளுக்கே அந்த மொழி பிடித்துப்போனது. முந்நூறு வரி நூற்றுப்பன்னிரண்டாகச் சுருங்கியது. இன்னொன்றும் நடந்தது. எந்த பிரவுசருக்கும் இந்த மொழி நேரடியாகப் புரியாது. கம்பைலர் என்ற மென்பொருள் இதைப் படித்து, பிரவுசருக்குத் தெரிந்த மொழியில் மாற்றித் தரும். அந்தக் கம்பைலர் அவள் எழுதியதை முதல் தடவை மாற்ற மறுத்தது. நாலு திசைக் காற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய், காற்றே அடிக்காவிட்டால் என்ன பதில் என்று கேட்டது. பழைய பக்கத்தில் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை. இந்த விஷயத்தில் அதுவரை அவளை விசாரித்தவர்களில் உருப்படியான கேள்வி கேட்டது கம்பைலர் மட்டும்தான்.

மறுபடி சென்னை வழியாகத் திருவள்ளூர். விமல் நூற்றுப்பன்னிரண்டு வரியையும் மேலிருந்து கீழே ஒரு தடவை உருட்டிப் பார்த்துவிட்டு, "அழகு," என்றார். கோப்பு ஆதிநாராயணனிடம் போனது.

"சார்பு நிரலாக்கம்னு இருக்கு. அரசு அலுவலகம் நடுநிலையா இருக்கணும்மா. இது யாருக்குச் சார்பு?"

"கணக்குல வர்ற சார்பு சார். இங்கிலீஷ்ல ஃபங்ஷன்."

"ஃபங்ஷன்னா போலீஸ் அனுமதி வேணும், மைக் செட்டுக்குத் தனி அனுமதி. சார்புன்னே இருக்கட்டும். ஓர் உறுதிமொழி எழுதிக் குடுத்துடு."

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். "இச்செயலியானது காற்றுக்கு ஆதரவாகவோ, புகைக்கு எதிராகவோ யாதொரு சார்புமின்றிச் செயல்படும் சார்பு நிரல் என இதன்மூலம் உறுதியளிக்கிறேன்."

"பக்க விளைவு இல்லைன்னு சுற்றறிக்கை கேட்குது. அதுக்குச் சான்று?"

"அது நிரலோட குணம் சார். தன் கணக்கைத் தவிர வெளிய எதையும் தொடாது. விமல் சார் பார்த்துட்டாரு."

"பக்க விளைவைப் பத்திச் சொல்ல அவர் டாக்டரா?"

ஒரு பொது டாக்டரிடம் போனாள். வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் தாளைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை வேளை?"

"கால் மணிக்கு ஒரு தபா டாக்டர்."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அது சாப்பாட்டோட சம்பந்தமில்லாம போகும்."

"அரிப்பு, தடிப்பு ஏதாவது இருந்ததா?"

"இல்ல டாக்டர். புகைதான் இருக்குது."

'தற்போது பக்க விளைவுகள் ஏதும் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அறுபது பேர் காத்திருக்கும்போது அதைவிட வேகமாக ஒரு மனிதர் உண்மை பேச முடியாது.

அடுத்த தடவை போனபோது கிறிஸ்டினா ஒரு தப்பு செய்தாள். ஆதிநாராயணன் கேட்ட ஒரு கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"இந்த நூத்திப்பன்னெண்டு வரிதான் உலாவியில உலாவுமா?"

"இது இல்ல சார். இதைக் கம்பைலர் வேற மொழிக்கு மாத்தும். அதுதான் உலாவும்."

"அப்ப மொழிபெயர்ப்பு."

"அப்படித்தான் சார்."

"மொழிபெயர்ப்புன்னா மூலமும் வேணும், மொழிபெயர்த்ததும் வேணும். ஒவ்வொரு பக்கத்துலயும் மொழிபெயர்ப்பாளர் கையெழுத்து வேணும்."

கம்பைலர் தந்ததை அச்செடுத்தாள். இடம் மிச்சம் பிடிப்பதற்காக அது எல்லாவற்றையும் நெருக்கி ஒரே வரியாகத் தந்திருந்தது. அந்த ஒரு வரி முப்பத்தெட்டுப் பக்கம் வந்தது. படிவத்தில் 'மொத்த வரிகள்' என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினாள்.

"முப்பத்தெட்டுப் பக்கத்துக்கு ஒரே வரியா?" என்றார் ஆதிநாராயணன்.

"ஆமா சார். நடுவுல எங்கியும் நிக்காது."

"அதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்க அரசாணையும் அப்படித்தான் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் பேரு கம்பைலர்னு போட்டிருக்கே. இனிஷியல் என்ன?"

"அது ஆள் இல்ல சார். மென்பொருள்."

"அதுக்கு யார் பொறுப்பு?"

"பல நாட்டுல இருக்கறவங்க சேர்ந்து எழுதினது."

"அவங்க எழுதினதை யார் மொழிபெயர்த்தது?"

கிறிஸ்டினாவுக்குப் பொய் வராது. "அதுவும் அதே கம்பைலர்தான் சார். பழைய கம்பைலர், புதுக் கம்பைலரை மாத்திக் குடுக்கும்."

ஆதிநாராயணன் பேனாவை மூடி சட்டைப்பையில் வைத்தார். "தன்னோட ஆவணத்துக்குத் தானே மேலொப்பம். செல்லாதும்மா."

அவள் விமலிடம் போனாள். நீங்கள் சொன்ன மொழியில் எழுதினால் அது கம்பைலர் இல்லாமல் பிரவுசரில் ஓடாது, கம்பைலர் தொட்டால் கண்காணிப்பாளர் ஏற்கமாட்டேன் என்கிறார் என்றாள். "ரொம்ப சுவாரசியமான சிக்கல்," என்று விமல் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த பயிற்சியில் பேசுவதற்கு ஆகுமாம்.

கடைசியில் ஆதிநாராயணனே இரக்கப்பட்டார். பழைய தெலுங்குப் பத்திரங்களைக் கோர்ட்டுக்காகத் தமிழில் பெயர்த்துத் தரும் ஜானகியம்மாள் என்பவர் ஆர்.கே.பேட்டையில் இருப்பதாகவும், 'பிற மொழிகள்' என்று அவருடைய உரிமத்தில் இருப்பதால் கம்ப்யூட்டர் மொழியும் அதில் அடங்கும் என்றும் சொன்னார். கையெழுத்துக்கு முன் சரிபார்க்க, ஒரு நாள் ஒரே ஒரு மணி நேரம் காற்றுத் திசை எண்ணைத் திறந்துவிடவும் ஏற்பாடு செய்தார்.

ஐம்பது வயதிருக்கும் ஜானகியம்மாளுக்கு. ஒரு பெரிய துணிப்பையோடு காலை பத்தரைக்குத் திருவள்ளூர் அலுவலகத்துக்கு வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். முப்பத்தெட்டுப் பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

"இதுல சர்வே நம்பர் எங்கம்மா இருக்கு?"

"இது நிலப் பத்திரம் இல்லீங்கம்மா."

"எனக்குப் புரியாததுல நான் கையெழுத்து வைக்கறதில்ல. கண்ணால பார்த்ததை எழுதி அதுக்குக் கீழ வைப்பேன். இது என்ன சொல்லும்னு காட்டு."

கிறிஸ்டினா போனில் பக்கத்தைத் திறந்தாள். மணி பத்து நாற்பது. கும்மிடிப்பூண்டியில் அப்போது மேல்காற்று. பக்கம் சொன்னது: "புகை கடல் பக்கம் போகுது. துணி காயப்போடலாம்."

ஜானகியம்மாள் அதை மூன்று தடவை படித்துவிட்டு, அழகான கையெழுத்தில் எழுதினார். "மேற்படி முப்பத்தெட்டுப் பக்க ஆவணத்தின் பொருளாவது: காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. புகை கடல் பக்கம் போகிறது. துணி காயப்போடலாம். இது உண்மையான மொழிபெயர்ப்பு."

"அம்மா, காத்து மாறினா இந்தப் பதிலும் மாறும்."

"மாறினா கூப்பிடு. வந்து அதுக்கும் எழுதித் தர்றேன்."

"கால் மணிக்கு ஒரு தபாம்மா. ஒரு நாளைக்குத் தொண்ணூத்தாறு."

"ஆர்.கே.பேட்டையிலேர்ந்து அவ்வளவு பஸ் கிடையாது," என்றார் ஜானகியம்மாள். அவர் நேர்மையானவர். பார்த்ததை மட்டும் எழுதி, முப்பத்தெட்டுப் பக்கத்திலும் கையெழுத்து வைத்தார்.

இந்தச் சிக்கலை விமல் அரை நிமிடத்தில் தீர்த்தார். "இதுல பிரச்சினையே இல்லை. மாறாமைதானே நம்ம கொள்கை? ஒரு மதிப்பு குடுத்தாச்சுன்னா அது மாறக் கூடாது. மேற்குன்னு குடுத்தாச்சு."

"சார், பேருக்குக் குடுத்த மதிப்புதான் மாறாது. காத்து மாறுமே."

"வெளியிலேர்ந்து உள்ள வர்ற எதுவும் தூய்மையைக் கெடுக்கும். பாடத்துலயே அப்படித்தான் இருக்கு. காத்துங்கறது ஒரு பக்க விளைவு."

"அப்ப இந்தப் பக்கத்தால யாருக்கு இன்னா பிரயோஜனம் சார்?"

ஆதிநாராயணன் குறுக்கிட்டார். "கையெழுத்தான ஆவணத்துல ஓர் எழுத்து மாறினாலும் அது போலி ஆவணம்மா. வழக்காயிடும். வேண்டாம்."

கிறிஸ்டினா விண்ணப்பத்தைத் திரும்பக் கேட்டாள். படிவத்தின் பதினேழாவது நிபந்தனைப்படி சமர்ப்பித்தது எதுவும் திரும்பாது. அடுத்த வாரம் அரசு இணையதளத்தில் அந்தப் பக்கம் ஏறியது. மேலே அரசுச் சின்னம், கீழே மூன்று சான்றுகள், நடுவே: காற்று: மேற்கு. புகை: கடல். துணி: காயப்போடலாம். காலையிலும் அதுதான். மதியத்திலும் அதுதான். புயல் எச்சரிக்கை வந்த அன்றும் அதுதான்.

தொழிற்பேட்டையிலிருந்து யாரோ ஒருவர், மதியத்தில் அலுவலக மாடித் திசைகாட்டி கிழக்கைக் காட்டுகிறது, பக்கம் மேற்கு என்கிறது என்று புகார் எழுதினார். விசாரிக்க ஒரு குழு வந்தது. இணையப் பக்கத்துக்கு முப்பத்தெட்டுப் பக்கம் கையெழுத்தும் ஒரு டாக்டர் சான்றும் இருந்தன. திசைகாட்டிக்கு ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. ஆகவே பழுது திசைகாட்டியில் என்று முடிவானது. ஒரு ஃபிட்டர் ஏறி, கட்டுக்கம்பியால் அதை மேற்கு பார்த்து இறுக்கிக் கட்டினார். அதன்பின் தினம் தொண்ணூற்றாறு அளவீடுகளும் பக்கத்தோடு பொருந்தின.

நூறு சதவீதத் துல்லியத்துக்காகப் பிரிவுக்கு ஒரு கேடயம் கிடைத்தது. விழாவில், பழைய படிவத்தைப் பார்த்து, "மொழிபெயர்ப்பாளர் திரு. கம்பைலர் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்," என்று மைக்கில் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். யாரும் வராததால் அவருடைய சால்வையையும் விமலே வாங்கிக்கொண்டார்.

சாமுவேல் நகரில் மெர்சி புள்ளி விழுந்த இருபத்தாறு கோட்டுகளோடு மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தாள். மேனேஜர் இதுவரை புள்ளி விழுந்தால் திட்டுவார், அடுத்த நாள் மறுபடி துணி கொடுப்பார். இந்தத் தடவை திட்டவே இல்லை. போனை எடுத்து அரசுப் பக்கத்தைக் காட்டினார். உங்கள் பக்கம் புகையே வரவில்லை, அப்படியானால் புள்ளி உங்கள் மெஷினில்தான் விழுகிறது, இனி துணி வராது என்றார்.

மெர்சி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

"நான் உன்னை இன்னா கேட்டேன் கிறிஸ்டி? துணியை எப்ப எடுக்கணும்னுதானே கேட்டேன்."

கிறிஸ்டினா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு, பக்கத்தை நீக்கச் சொல்லித் திருவள்ளூரில் மனு கொடுத்தாள். ஆதிநாராயணன் இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"காத்து மாறும்னு எனக்கும் தெரியும்மா. என் வீட்டு மாடியிலயும் துணி காயுது. ஆனா ஃபைல்ல அது மாறலையே." ஒரு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "ஒரே வழி இருக்கு. புகை எங்க தெருவுக்கு வருதுன்னு குடியிருக்கறவங்க கையெழுத்துப் போட்டா, கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கலாம். பெரும்பான்மை சொன்னா எடுத்துடலாம்."

பதினொரு தெரு, நானூறு வீடு. புகை தின்னாத வீடு ஒன்றுகூட இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று கிறிஸ்டினா தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதல் வீட்டுக்காரர் மனையை விற்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். 'அரசு சான்று பெற்ற புகையில்லா நகர்' என்று புரோக்கர் பலகையே வைத்துவிட்டாராம். இரண்டாவது வீட்டில் வங்கிக் கடன் பாஸாகியிருந்தது. மதிப்பீட்டாளர் அந்தப் பக்கத்தைத்தான் அச்செடுத்து இணைத்திருந்தார். செண்பகத்தின் அங்கன்வாடிக்கு 'தூய காற்று மையம்' என்று போர்டும் புது ஊஞ்சலும் வந்திருந்தன. "புகை வருதுன்னு எழுதினா ஊஞ்சலைக் கழட்டிக்கினு போயிடுவாங்க," என்றாள் செண்பகம். பேசும்போது அவள் இடுப்பிலிருந்த குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டாள். முந்தானையில் கரி ஒட்டியது.

கடைசியாகத் தன் வீடு. அப்பா எட்வர்ட் முப்பது வருஷம் அதே கம்பி ஆலையில் உலைக்கு முன்னால் நின்றவர். மூன்று வருஷமாகக் காலியாகக் கிடந்த மேல் போர்ஷனுக்கு, பக்கத்தைப் பார்த்துவிட்டு சோழவரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது.

"நைனா, நீயாவது போடு. அக்கா பொழப்பே போச்சு."

"மெர்சி ஊட்டுக்குள்ள காயப்போட்டுக்கட்டும்மா. வந்தவங்களை நான் இன்னா சொல்லி அனுப்பறது?" அவர் மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அக்கா, தங்கை இரண்டு கையெழுத்தோடுதான் தாள் போனது. இருந்தாலும் ஆதிநாராயணன் வாக்குத் தவறவில்லை. பேட்டை அலுவலக வாசலில் சாமியானா போட்டுக் கூட்டம் வைத்தார். மணி மூன்று. நானூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். விமல் மேடையில் சாதாரண நாற்காலியில் சங்கடமாக உட்கார்ந்திருந்தார்.

கடல்காற்று திரும்பி நாலு மணி நேரம் ஆகியிருந்தது. ஆலைப் புகை சாமியானாவுக்கு அடியில் நுழைந்து, வரிசை வரிசையாக எல்லோரையும் கடந்து போனது. ஆதிநாராயணன் தீர்மானத் தாளின் மேல் விழுந்த கரித்துகளை ஊதிவிட்டுப் படித்தார். "சாமுவேல் நகருக்குப் புகை வருவதில்லை என்றும், அது கடல் பக்கம் போகிறது என்றும் கருதுவோர் கையை உயர்த்தவும்."

நானூறு பேரும் வலது கையை உயர்த்தினார்கள். இடது கையால் கைக்குட்டையை மூக்கில் பிடித்திருந்தார்கள். உயர்த்தாதவர்கள் கிறிஸ்டினாவும் மெர்சியும். மெர்சிக்குக் கண் எரிந்தது. புகையா வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை. 'ஒருமனதாக' என்று எழுதி ஆதிநாராயணன் இருமினார். கூட்டம் முடிந்தது.

அக்காளும் தங்கையும் கேட்டைத் தாண்டியபோது பின்னாலிருந்து அப்பா கூப்பிட்டார். அவரோடு செண்பகம், முதல் வீட்டுக்காரர், இன்னும் முப்பது நாற்பது பேர் வந்தார்கள். எட்வர்ட் கேட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கிறிஸ்டி, அந்த அரசுப் பக்கம் இருந்துட்டுப் போகட்டும். உனக்குத்தான் காத்து கணக்கெல்லாம் தெரியுமே. புகை எப்ப வரும்னு எங்களுக்கு மட்டும் தனியா போன்ல சொல்லிடும்மா. மாடியில துணி கெடக்குது."

"பசங்களை எப்ப உள்ள கூட்டிக்கணும்னு மட்டும் சொன்னாப் போதும்," என்றாள் செண்பகம். "யாருக்கும் தெரிய வேணாம்."

கிறிஸ்டினா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எட்டு மாதத்தில் அவள் பதினொரு தடவை சென்னை வழியாகத் திருவள்ளூர் போய் வந்திருந்தாள். அந்தப் பயணங்களில் கற்றுக்கொண்டது அவள் வாயில் தானாக வந்தது.

"எழுத்துமூலமா விண்ணப்பம் குடுங்க. மூணு நகல். மேலொப்பத்தோட."

யாராவது சிரிப்பார்கள், அல்லது கோபித்துக்கொள்வார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள். எட்வர்ட் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, உள்ளங்கையில் தாளை விரித்து வைத்துக்கொண்டு மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு பேருக்கும்மா எழுதணும்?"